நாவற்குழி டோக்கன்

அத்தியாயம் 7

"அக்கா, இந்த யாழ்ப்பாணத்திலை பொலிசும் இல்லை, ஓட்டோ ஸ்ராண்டும் இல்லை. நான் இஞ்சையே குடிவரட்டோ?"

ஜெறோம் கேட்டது நியாயம்தான். அவன் முன்னால் விரிந்து கிடந்த யாழ்ப்பாணம் பதினெட்டு அடி நீளம், நாலு அடி அகலம். பழைய ரியூசன் மேசைகளை வரிசையாகப் போட்டு, மேலே பலகை விரித்து, கொடிகாமம் முதல் காங்கேசன்துறை வரை குட்டித் தண்டவாளம் பதித்திருந்தார்கள். பல் விளக்கும் பிரஷ் மயிரில் பனைமரங்கள். காய்ந்த பசையில் கடலேரி. நாவற்குழிப் பாலத்தின் நடுவில் ஒரு நீல எஞ்சின், பின்னால் மூன்று பெட்டிகளுடன் நின்றது.

"நீர் குடிவந்தால் வாடகைக்கு ஆர் பிணை?" என்றாள் உதயகலா, கண்ணாடியைத் துடைத்தபடி. "பேசாமல் எல்லாத்தையும் வடிவாப் பாரும்."

இருபது வருடம் காப்புறுதிக் கம்பெனியொன்றில் பொய்க் கோரிக்கைகளை மோப்பம் பிடித்துவிட்டு, அந்த வேலை அலுத்துத் தனியாகத் துப்பறிய இறங்கியவள் உதயகலா. ஜெறோம் குருநகர் ஓட்டோக்காரன். அவளுடைய உதவியாளர் என்று அவனை யாரும் நியமிக்கவில்லை. தனக்குத் தானே நியமனம் கொடுத்துக்கொண்டு, சம்பளத்தை மட்டும் அவளிடம் கேட்பவன்.

இன்று வெள்ளிக்கிழமை, பின்னேரம் மூன்றரை. கைவசம் இருந்தது நாளை காலை பத்து மணி வரைதான்.

செல்வரட்ணம் காணாமல் போய்ப் பத்து நாளாகிவிட்டது. ஐம்பத்தெட்டு வயது, குருநகரில் வீடு, யாழ்ப்பாண நகரில் மணிக்கூடு திருத்தும் சின்னக் கடை. போன கிழமை செவ்வாய் விடிய வீட்டை விட்டு இறங்கியவர், பருத்தித்துறை பஸ்ஸில் ஏறியதைக் கண்டவர் ஒருவர் உண்டு. அதற்குமேல் ஒரு தகவலும் இல்லை. இரண்டு நாள் கழித்து, வியாழக்கிழமை, பருத்தித்துறையில் ஓர் உடல் கரை ஒதுங்கியது. முகத்தைக் கடல் விட்டுவைக்கவில்லை. மனைவி கத்தரீனா போய்ப் பார்த்தார். "இது அவரில்லை" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். கணவரைத் தேடித்தரச் சொல்லி உதயகலாவிடம் வந்தவரும் அவர்தான். வேறு யாரும் உரிமை கோராததால், அடையாளம் தெரியாதவர் என்று நாளை பத்து மணிக்கு அரசாங்கச் செலவில் புதைத்துவிடுவார்கள்.

"எப்பிடி அவரில்லை எண்டு சொல்லுறியள்?" என்று உதயகலா கேட்டபோது கத்தரீனா தயங்கவேயில்லை.

"சட்டைப் பொக்கற்றுக்குப் பொத்தான் பூட்டிக் கிடந்தது. உள்ளுக்கை ஒண்டும் இல்லை. அவரெண்டால் டோக்கன் இருந்திருக்கும்."

அந்த டோக்கனைத் தேடித்தான் அரியாலையில் இந்த ஓலைக் கொட்டிலுக்கு வந்திருந்தார்கள்.

கொட்டிலில் மூன்று பேர் இருந்தார்கள். கனகசபாபதி, தபால் கந்தோரில் இருந்து இளைப்பாறியவர். இந்த மேசை யாழ்ப்பாணத்தின் நிலைய அதிபர். மயூரதன், ரேடியோ, ரீவி திருத்துபவன், நாவற்குழி நிலையம் அவன் பொறுப்பு. சுவர்ணா, பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிப்பவள், பனைமரமும் வீடுகளும் கோயில்களும் அவள் கைவேலை. நாலாவது ஆள் செல்வரட்ணம். வண்டி ஓட்டுபவர் அவர்தான். பன்னிரண்டு வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் இந்த நாலு பேரும் இங்கே கூடி, நேர அட்டவணை போட்டு, ஒருவரை ஒருவர் திட்டி, வண்டி ஓட்டிவிட்டுப் போவார்கள்.

"உங்கடை டோக்கன் எண்ட சாமானை எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லுங்கோ," என்றாள் உதயகலா.

கனகசபாபதி தொண்டையைச் செருமிக்கொண்டார். இதைக் கேட்க ஒரு ஆள் வராதா என்று பன்னிரண்டு வருடம் காத்திருந்தவர் போல இருந்தது. "ஒற்றைத் தண்டவாளம், பிள்ளை. நாவற்குழிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையிலை ஒரு நேரத்திலை ஒரு வண்டிதான் நிக்கலாம். அதுக்கு அத்தாட்சி ஒரு பித்தளைத் தட்டு. அது ஆரின்ரை கையிலை இருக்கோ, பாதை அவருக்குத்தான். யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தாப் பிறகு அதை ஸ்ரேசன் பெட்டிக்கை போட வேணும். போட்டால் மணி அடிக்கும். அதுவரைக்கும் வேறை வண்டி அசையாது."

"சனி பொழுதுபட்டு, வண்டி நடுவழியிலை நிண்டால்?"

"நிண்ட இடத்திலை நிக்கும். ஓட்டுற ஆள் டோக்கனைப் பொக்கற்றிலை போட்டுக்கொண்டு வீட்டை போவார். அடுத்த சனி கொண்டுவருவார். ரட்ணம் காணாமல் போக முந்தின சனியும் அப்பிடித்தான். நாலு அஞ்சுக்குப் பாலத்திலை நிப்பாட்டிப்போட்டு டோக்கனோடை போனவர்."

"எங்கடை மணிக்கூட்டிலை நாலு அஞ்சு," என்று மயூரதன் திருத்தினான். "இந்த மேசைக்கெண்டு தனி மணிக்கூடு. ரட்ணம் அண்ணை செய்தது. கறண்ட் போட்டால்தான் ஓடும்."

"போன சனி?"

"வண்டி ஓடேல்லை," என்றாள் சுவர்ணா. "டோக்கன் இல்லாமல் எப்பிடி ஓடுறது?"

"கையாலை தள்ளினாலும் ஓடுமே, ரீச்சர்," என்றான் ஜெறோம்.

மூன்று பேரும் அவனைப் பார்த்த பார்வையில், அவன் ஏதோ கோயிலுக்குள் செருப்போடு போய்விட்டதாகத்தான் நினைத்தான். காலைக் கூட ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டான்.

வெளியே ஹோர்ன் சத்தம் கேட்டது. கொட்டிலுக்குப் பின்னால் கொஞ்சத் தூரத்தில்தான் உண்மையான தண்டவாளம். கொழும்பு வண்டி போனது, மேசைப் பனைமரங்கள் ஆடின. கனகசபாபதி, மயூரதன், சுவர்ணா மூவரும் சொல்லிவைத்தது போலச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார்கள்.

"மூண்டு நிமிசம் முந்தி," என்றார்கள் ஒரே குரலில்.

ஜெறோமுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இது ஏதும் வியாதியோ, பழக்கமோ?"

"இஞ்சை மூண்டு நிமிசத்துக்கு மேலை பிந்தினால் தண்டம் இருக்கு," என்றான் மயூரதன். முகத்தில் முதல்தடவையாகக் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. "பிந்தின ஆள் எல்லாருக்கும் தேத்தண்ணிக்குப் பொரிச்ச றோல்ஸ் வாங்க வேணும். ஆளுக்கு ஒண்டு. ரட்ணம் அண்ணை பிந்தினால் நாலு வாங்குவார். பிந்தாட்டிலும் சில நேரம் வாங்குவார்..."

சொல்லிக்கொண்டு வந்தவன் சட்டென்று நிறுத்திவிட்டான். சுவர்ணா யன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

உதயகலா அதைக் கவனித்தாள். காட்டிக்கொள்ளவில்லை. மேசையின் மற்றப் பக்கத்துக்கு நடந்து, குட்டி யாழ்ப்பாணம் ஸ்ரேசனுக்கு முன்னால் குனிந்தாள். தீப்பெட்டி அட்டையில் செய்த வாங்குகள். வாசலில் ஒரு சைக்கிள். கூரைக்குக் கீழே, விரல் நகத்தளவு ஒரு கரும்பலகை. அவள் கைப்பையில் இருந்து பூதக்கண்ணாடியை எடுத்தாள்.

"அக்கா, கண்ணுக்கு வைத்தியம் பார்க்கிறதெண்டால் ஆஸ்பத்திரிக்கே விடுறன்."

"வாய்க்கு வைத்தியம் பார்க்கிற இடம் இருந்தால் முதல் உம்மை அங்கை விடுவன். இதைப் பாரும்."

ஜெறோம் குனிந்து பார்த்தான். பலகையில் ஊசி முனையால் எழுதியது போல வெள்ளை எழுத்து.

"வரவேண்டியது 4.10. வந்தது 4.22," என்று வாசித்தான்.

மயூரதன் கனகசபாபதியைத் திரும்பிப் பார்த்தான்.

"இந்தப் பலகை ஆற்றை பொறுப்பு?" என்று உதயகலா கேட்டாள்.

"என்ரை," என்றார் கனகசபாபதி.

"வண்டி இன்னும் பாலத்திலை நிக்குது. நாலு அஞ்சுக்கு நிண்ட வண்டி. நீங்கள் நாலு இருபத்திரண்டுக்கு வந்து சேர்ந்தது எண்டு எழுதியிருக்கிறியள். டோக்கன் பெட்டிக்கை விழாமல் அப்பிடி எழுதுவியளோ, ஐயா?"

"மாட்டன்."

"அப்ப டோக்கன் விழுந்திருக்கு."

"அது போன மாசத்துப் பழைய எழுத்து," என்று மயூரதன் அவசரமாகக் குறுக்கிட்டான். "பெட்டியைப் பாருங்கோ. கண்ணாடி போட்டிருக்கு. வெறும் பெட்டி."

ஸ்ரேசனுக்குப் பக்கத்தில் மரப்பெட்டி ஒன்று. கண்ணாடிக்குள் ஒன்றும் இல்லைதான். பக்கத்தில் ஒரு சிவப்புப் பொத்தான். நாவற்குழிப் பக்கத்தில், பத்து அடி தள்ளி, அதே மாதிரி இன்னொரு பெட்டி, இன்னொரு பொத்தான்.

"ஜெறோம், உள்ளுக்கை போன டோக்கனை வெளியிலை எடுக்கிறது எப்பிடியெண்டு ஒருக்காப் பாரும்."

ஜெறோம் பெட்டிக்குள் தன்னுடைய ஓட்டோ நிலையச் சங்கத்தின் பித்தளை வில்லையைப் போட்டான். டிங் என்று மணி அடித்தது. சிவப்புப் பொத்தானை அமத்தினான். ஒன்றும் நடக்கவில்லை. ஓடிப்போய் நாவற்குழிப் பொத்தானை அமத்தினான். அதற்கும் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு கையை இங்கே வைத்து, ஒரு காலை அங்கே நீட்டி, பனைமரங்கள் நாலைச் சரித்து, வேர்த்து விறுவிறுத்து நின்றான்.

"இது சரிவராது, அக்கா. ரண்டு பக்கமும் ஒரே நேரத்திலை அமத்த வேணும். ரண்டு ஆள் இல்லாமல் ஏலாது. என்ரை வில்லை போச்சு!"

"போடுறதுக்கு ஒரு ஆள் போதும். எடுக்கிறதுக்கு ரண்டு பேர் வேணும்," என்றாள் உதயகலா. அவள் குரலில் வெற்றி எதுவும் இல்லை. "செல்வரட்ணம் தனிய வந்து போட்டிருக்கிறார். எடுத்தது அவரில்லை. எடுத்த கைகள் இந்தக் கொட்டிலுக்கை நிக்குது. ஐயா, அந்தப் பலகையை மட்டும் ஏன் அழிக்காமல் விட்டனீங்கள்?"

கனகசபாபதி வாங்கில் உட்கார்ந்துவிட்டார். "வந்த வண்டியை வரேல்லை எண்டு எப்பிடி, பிள்ளை, எழுதுறது?"

அதற்குமேல் ஒளிக்க ஒன்றும் இருக்கவில்லை. சுவர்ணா தன்னுடைய கைப்பையில் இருந்து லேஞ்சித் துணியில் சுற்றிய பித்தளைத் தட்டை எடுத்து மேசையில் வைத்தாள். நா–யா என்று பொறித்திருந்தது.

"செவ்வாய் பின்னேரம் நான் கோயிலுக்குப் பெயின்ற் அடிக்க வந்தன்," என்றாள். "எஞ்சின் யாழ்ப்பாணத்திலை நிக்குது. டோக்கன் பெட்டிக்கை. திங்கட்கிழமைத் திகதி போட்டுப் பதிவேட்டிலை எழுதி வைச்சிருந்தார். நான் இவையைக் கூப்பிட்டன். முதல் சந்தோசமாத்தான் இருந்தது, ஐயா பலகையிலையும் நேரத்தை எழுதினார். ரட்ணம் அண்ணை சனிவரைக்கும் பொறுக்கமாட்டாமல் தனிய ஓடி விளையாடியிருக்கிறார் எண்டு சிரிச்சம். பேந்துதான் றோல்ஸ் பையைக் கண்டம்."

"என்ன றோல்ஸ்?"

"பன்னிரண்டு நிமிசம் பிந்தினது எல்லே. தண்டம் வாங்கி வைச்சிருந்தார். எறும்பு மொய்ச்சுப்போய்க் கிடந்தது." அவள் லேஞ்சியை மடித்தாள். "மூண்டு றோல்ஸ்."

ஜெறோம் எண்ணிப் பார்த்தான். கனகசபாபதி, மயூரதன், சுவர்ணா.

"தன்னைக் கணக்கிலை எடுக்கேல்லை," என்றாள் சுவர்ணா. "திரும்பி வரப்போற ஆளெண்டால் நாலு வாங்கியிருப்பார்."

"ஏன் அவருக்கு அப்பிடி?" என்று உதயகலா கேட்டாள்.

பதில் சொன்னது மயூரதன். "ஆறு மாசமா அவருக்குக் கை நடுக்கம். மணிக்கூட்டுக்காரன்ரை கை, அக்கா. கடையிலை வாங்கின மணிக்கூடுகளைத் திருத்தாமலே திருப்பிக் குடுத்துக்கொண்டிருந்தவர். எங்களுக்கு ஒண்டும் சொல்லேல்லை. அந்தச் சனி பாலத்திலை எஞ்சின் தடம் புரண்டுபோச்சு. தூக்கி வைக்கப் பார்க்கிறார், சில்லு தண்டவாளத்திலை ஏறுதில்லை. நான்..." அவன் உதட்டைக் கடித்தான். "நான் கேட்டன், என்ன அண்ணை, நாவற்குழியிலை பூமி நடுங்குதோ எண்டு. எல்லாரும் சிரிச்சம். அவரும்தான் சிரிச்சவர்."

பன்னிரண்டு நிமிடம் எங்கே போனதென்று உதயகலாவுக்கு இப்போது விளங்கியது. யாரும் பார்க்காத ஒரு திங்கட்கிழமை, தனியே நின்று, நடுங்கும் கையால் அந்த எஞ்சினைத் தூக்கித் தூக்கி வைத்திருக்கிறார். மேசை மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. ஓட வைத்ததும் அவர்தான், நிறுத்தவில்லை.

"அதுதான் எல்லாத்தையும் பழையபடி வைச்சம்," என்றார் கனகசபாபதி. "எஞ்சினைப் பாலத்திலை வைச்சம். இவன் மணிக்கூட்டைத் திருப்பினான். நான் புதுப் பதிவேடு திறந்தன். டோக்கன் அவரோடை போச்சு, டோக்கனோடை போன ஆள் வராமல் இரார் எண்டு கத்தரீனாவுக்குச் சொன்னம். அந்த மனுசி அதைப் பிடிச்சுக்கொண்டுதான் சாப்பிடுறா. பிள்ளை, நீங்களும் ஒண்டும் காணேல்லை எண்டு சொல்லுங்கோவன். உங்களுக்குக் கோடி புண்ணியம்."

"சொல்லலாம். நாளைக்குப் பத்து மணிக்குப் பெயரில்லாமல் புதைப்பினம். அதுக்குப் பிறகு அந்த மனுசி சாகுமட்டும் படலையைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். அதுவும் புண்ணியமோ, ஐயா?"

உதயகலாவுக்கே தன்னுடைய கேள்வி பிடிக்கவில்லை. இருபது வருடம் பொய்யைப் பிடித்துச் சம்பளம் எடுத்தவளுக்கு, ஒரு பொய்யை விட்டுவிடலாமா என்று தோன்றியது இதுதான் முதல்தடவை.

முடிவெடுக்க அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. வாசலில் நிழல் விழுந்தது. நாலு மணிக்கு வரச் சொன்ன கத்தரீனா, நாலு மணிக்கே வந்துவிட்டார். வெளிறிய மஞ்சள் சேலை, கையில் குடை. அவர் கண் நேரே மேசைக்குப் போனது, பித்தளைத் தட்டில் நின்றது.

"உது எங்கை இருந்தது?"

"அக்கா, நாங்கள் உங்களுக்கு..." என்று மயூரதன் தொடங்கினான்.

"எங்கை இருந்தது எண்டு கேட்டனான்."

"பெட்டிக்கை," என்றார் கனகசபாபதி. "அவரே கொண்டுவந்து போட்டிருக்கிறார், தங்கச்சி. திங்கள் பின்னேரம்."

கத்தரீனா அழவில்லை. குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, வாங்கில் மெல்ல உட்கார்ந்தார். "எத்தினை மணிக்கு வந்து சேர்ந்தது?"

"நாலு இருபத்திரண்டு."

"பிந்தியிருக்கு," என்றார். இந்த மேசையை எட்டியும் பார்க்காதவர். ஆனால் பன்னிரண்டு வருடமாகச் சனி இரவுச் சாப்பாட்டோடு அட்டவணை முழுவதையும் கேட்டவர். "அப்ப றோல்ஸ் வாங்கியிருப்பாரே."

சுவர்ணாதான் சொன்னாள். சொல்லாமல் இருக்க அவளால் முடியவில்லை. "மூண்டுதான் வைச்சிருந்தவர், அக்கா. தனக்கு வாங்கேல்லை."

கத்தரீனா தலையை ஆட்டினார். "இல்லை, பிள்ளை. அவர் ஒருநாளும் றோல்ஸ் திண்டதில்லை. எண்ணெய் ஒத்துவராது. நாலாவது எப்பவும் எனக்கு. பேப்பரிலை சுத்திப் பொக்கற்றிலை வைச்சுக்கொண்டு வருவார், சட்டையெல்லாம் எண்ணெய்."

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"திங்கட்கிழமை பின்னேரம் தேத்தண்ணியோடை ஒரு றோல்ஸ் தந்தவர். இண்டைக்குச் சனியில்லையே, ஆர் பிந்தினது எண்டு கேட்டன். நான்தான் பிந்திட்டன் எண்டார். நான் சிரிச்சுப்போட்டுத் திண்டிட்டன். நாலுதான் வாங்கியிருக்கிறார். ஒண்டு நான் திண்டிட்டன்."

மயூரதன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

"இந்தப் பத்து நாளும் அந்த றோல்ஸ் எனக்கு ஞாபகம் வரேல்லை எண்டு நினைக்கிறியளோ?" கத்தரீனா உதயகலாவைப் பார்த்தார். "ஒவ்வொரு நாளும் வந்தது. உங்களுக்குச் சொல்லேல்லை. சொன்னால் நீங்கள் கண்டுபிடிச்சிடுவியள் எண்டு பயம்."

துப்பறிபவளிடம் காசு கொடுத்து, துப்பை மறைத்து வைத்திருந்த ஒரே ஆள் இந்த அம்மாள்தான். உதயகலாவுக்குக் கோபம் வரவில்லை. "எனக்கு விளங்குது, அக்கா," என்றாள்.

"பதிவேட்டிலை எழுதினவரோ?"

கனகசபாபதி துணிப் பைக்குள் இருந்து பழைய பதிவேட்டை எடுத்துப் பிரித்தார். அதை எரித்துவிடச் சொல்லி மயூரதன் எவ்வளவோ மன்றாடியும் அவர் எரிக்கவில்லை. கடைசி வரி கோணல் மாணலாக, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியே ஆடிக்கொண்டு இருந்தது. வந்து சேர்ந்தது 4.22. தாமதம் 12 நிமிடம். காரணம், ஓட்டுநர். பாதை காலி.

கத்தரீனா விரலால் வரி முழுவதையும் தடவிக்கொண்டு போனார். கடைசிக் கட்டத்தில் விரல் நின்றது.

"இது ஏன் வெறுமையாக் கிடக்கு?"

"அது... வண்டியைப் பொறுப்பெடுக்கிற ஆள் கையெழுத்து வைக்கிற இடம், தங்கச்சி. அண்டைக்கு ஒருத்தரும் இருக்கேல்லை."

"பேனை ஒண்டு தாங்கோ."

கனகசபாபதி சட்டைப் பையில் இருந்து எடுத்துக் கொடுத்தார். கத்தரீனா பதிவேட்டை மடியில் வைத்து, கட்டத்துக்குள் அடங்காத எழுத்தில், கத்தரீனா செல்வரட்ணம் என்று முழுப்பெயரையும் எழுதினார். பிறகு பித்தளைத் தட்டை எடுத்துப் பெட்டிக்குள் போட்டார். டிங் என்று மணி அடித்தது.

"தம்பி, ஓட்டோவை எடுமன்," என்றார் ஜெறோமிடம். "இப்ப வெளிக்கிட்டால் பொழுதுபட முன்னம் பருத்தித்துறைக்குப் போகலாம். அங்கையும் இப்பிடித்தான் ஒரு இடத்திலை கையெழுத்து வைக்கச் சொல்லுவினம், என்ன?"

"ஓம், அக்கா," என்றாள் உதயகலா.

ஜெறோம் தன்னுடைய வில்லையைக் கேட்காமலே வெளியே போனான்.